ஓட்டு வீட்டுக்குத் திரும்பிய குடும்பம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகிறவர்கள் குறைவு. வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று வாடகை வீடு பார்த்துப் போகிற குடும்பங்கள்கூடக் குப்பத்திலுள்ள ஓட்டு வீட்டை வைத்திருக்கும். வயதான தாய் அதில் விளக்கேற்றிக்கொண்டிருப்பார், அல்லது தம்பி வலை போட்டு வைத்திருப்பார். காலம் மாறிக் கை இறுகும்போது குடும்பம் திரும்பிவர அந்த வீடு இருக்கிறது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் இந்தத் திரும்புதல் அவ்வளவு சிரமமில்லை. பாயை விரித்தால் எல்லாரும் படுத்துக்கொள்ளலாம். பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளோடு திரும்புவது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு படித்துப் பழகிய பிள்ளைகள் கதவே இல்லாத கூடத்துக்கு வருகிறார்கள். 2020ஆம் ஆண்டில் மீஞ்சூரிலிருந்து ஏரிக்கரைக்கு அப்படித் திரும்பிய ஒரு குடும்பத்தின் நினைவுகளே இங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து, கோடையில் 250 அளவுக்குச் சுருங்கும். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். இறால், பச்சை நண்டு, மடவை, கிழங்கான் எல்லாம் இந்த இரண்டு நீரும் கலப்பதால் வாழ்பவை. முகத்துவாரத்தில் மணல் மூடினால் ஏரிக்குள் இறால் குஞ்சு வராது. ஏரியில் வரவு இல்லையென்றால் வீட்டிலும் வரவு இல்லை. இங்குள்ள குடும்பங்கள் வெளியூருக்குப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் பின்னால் இந்த மணல்மேட்டுக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு.

குப்பங்களில் பல காலத்து வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பனைமரக் கைமரங்களின் மேல் நாட்டு ஓடு வேய்ந்தவை மிகப் பழையவை. அவற்றுக்குப் பின் சீமை ஓட்டு வீடுகளும், அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகளும் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களுக்காகக் கட்டப்பட்ட நிரந்தர வீடுகளுக்கு அரசு வகுத்த அளவு 325 சதுர அடி, மதிப்பு 1.50 லட்சம் ரூபாய். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, கழிப்பறை என்று அந்தப் பரப்புக்குள் எல்லாம் அடங்கவேண்டும். பழைய ஓட்டு வீட்டில் அறை என்ற பிரிவே கிடையாது. முன்னால் திண்ணை, உள்ளே ஒரே கூடம், அதன் ஓரத்தில் அடுப்படி, பின்னால் வேலி அடைத்த முற்றம். புது வீட்டைவிட ஓட்டு வீட்டில் வெயில் குறைவாகத் தெரியும். ஆனால் மழைக்கு முன் ஆண்டுதோறும் ஓடு மாற்றியே ஆகவேண்டும். பூனை ஓடினாலும் தேங்காய் விழுந்தாலும் ஓடு நகர்ந்துவிடும்.

நினைவிலுள்ள இந்தக் குடும்பத்தின் தந்தை ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். ஏரியில் வருமானம் சரிந்த ஆண்டுகளில் துறைமுகப் பகுதியில் ஒப்பந்த வேலைக்குப் போனார். மீஞ்சூரில் இரண்டு படுக்கையறை கொண்ட மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மகளுக்கு ஓர் அறை, மகன் கூடத்தில், பெற்றோர் மற்றோர் அறையில். தாய் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒப்பந்த வேலைதான் முதலில் நின்றது. வாடகை இரண்டு மாதம் நிலுவையானது. முன்பணத்தில் கழித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஊரடங்கு தளர்ந்த வாரத்தில் குட்டி யானை வண்டி ஒன்றைப் பேசிச் சாமான்களை ஏற்றினார்கள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்த ஜூனில்தான் ரத்தாகி, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டியவன்.

சிறிய வீட்டுக்குப் போவதில் முதல் வேலை, எதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்வது. இந்தக் குடும்பம் அந்த முடிவை மீஞ்சூரில் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து குப்பத்துத் தெருவில் இறக்கியது. பழைய வீட்டின் வாசற்கால் குறுகலானது, உயரமும் குறைவு, குனிந்துதான் நுழையவேண்டும். இரட்டைக் கட்டில் உள்ளே போகவில்லை. பீரோவைச் சாய்த்து நுழைத்தால் கூடத்தில் பாய் விரிக்க இடமில்லை. சாப்பாட்டு மேசை இரண்டு இரவு தெருவிலேயே நின்றது. அந்த வீட்டில் இருந்த தந்தையின் தாய், பிள்ளைகளின் ஆயா, திண்ணையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றையும் பார்த்து, “இது எதுக்கு, இது எதுக்கு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியே கடைசியில் அளவுகோலாகிவிட்டது. கட்டில் பொன்னேரிக்கு, பழைய சாமான் வாங்குகிறவரிடம் போனது. மேசை சித்தப்பா வீட்டுக்குப் போய், இறால் பிரிக்கும் பலகையாக மாறியது. வாஷிங் மெஷினுக்கு ஊற்ற நல்ல தண்ணீர் கிடையாது; கிணற்று நீர் உவர்ப்பு, குடிநீர் குடத்தில் வருகிறது. அதையும் விற்றார்கள். தையல் மெஷினும் பிரிட்ஜும் தங்கின.

பிள்ளைகளின் பொருட்களைப் பிரிப்பதில்தான் கடுமையான வாக்குவாதங்கள் நடந்தன. பெரியவர்கள் ஒரு கட்டிலை விற்பதற்குக் காரணம் சொன்னால் போதும். பதினாறு வயதுப் பெண்ணிடம் அவள் பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகளைப் பரணில் போடச் சொல்வதற்குக் காரணம் போதாது. பள்ளி நோட்டுகள், பாடப் புத்தகங்கள், தோழிகள் எழுதிக்கொடுத்த வாழ்த்து அட்டைகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயின. பரணில் கரையான் வரும் என்று மகள் அழுதாள். அவள் சொன்னது சரிதான். அந்த வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு கட்டு நோட்டுகள் அரித்துப்போயின. பிள்ளைகள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் பொருளுக்குப் பெரியவர்கள் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டே வீடு மாறவேண்டும் என்பதை இந்தக் குடும்பம் அந்த இழப்பில் கற்றது. பிறகு பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் இரண்டு வாங்கப்பட்டன. மூடியுள்ள பெரிய பெட்டிகள். உப்புக் காற்றில் இரும்பு பீரோ ஒரே ஆண்டில் துருவேறும் இந்த ஊரில் ஓலைப்பெட்டி துருப்பிடிப்பதில்லை. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அவற்றை வேறு யாரும் திறக்கக்கூடாது என்று ஆயா விதி போட்டார்.

இடத்தை அறையாகப் பிரிக்க முடியாத வீட்டில் நேரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். இதில் ஏரிக்கரைக்கு நீண்ட அனுபவம் உண்டு. பழவேற்காட்டில் பட்டினவர் குப்பங்களான கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகியவை இறால் கிடைக்கும் நீர்ப்பரப்புகளைப் பாடு என்ற முறையில் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல இடத்தில் இன்றைக்கு ஓர் ஊர் வலை கட்டினால் நாளைக்கு அடுத்த ஊரின் முறை. யாரும் ஏரியில் வேலி போட்டுப் பங்கு பிரிப்பதில்லை. ஒரே இடம், முறை மட்டும் மாறுகிறது. இந்தக் குடும்பத்தின் தந்தை கூடத்தைப் பிரித்ததும் அப்படித்தான். விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆறு வரை கூடம் படிக்கிறவர்களுக்கு. ஆண்கள் அப்போது ஏரிக்குப் போயிருப்பார்கள், அல்லது திண்ணைக்கு வந்துவிடவேண்டும். காலை பத்திலிருந்து தாயின் தையல். மதியம் ஆயா படுத்துக்கொள்வார். அப்போது தொலைக்காட்சி கிடையாது. மாலை ஒரு மணி நேரம் மகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் வாசற்கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் தட்டக்கூடாது. ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு மணி நேரம் சாத்திய கதவு கிடைப்பது பெரிய ஏற்பாடு. முறை தவறினால் சண்டை வந்தது. சண்டையை முறையைக் காட்டியே தீர்த்தார்கள்.

பாடு முறைக்கும் வீட்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஊருக்கு வரி கட்டும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. அந்தக் கணக்கில் இருக்கிறவரைதான் கோயில் திருவிழாவில் இடமும், ஊர்க்கூட்டத்தில் பேச்சும், ஏரியில் பங்கும். மீஞ்சூரில் இருந்த ஆண்டுகளிலும் தந்தை வரியை விட்டதில்லை. இடிந்துபோகிற மாதிரி இருந்த வீட்டை விற்காமல் வைத்திருந்ததற்கும் அதுவே காரணம். மாடி வீட்டில் இருந்தபோது அவர் வாடகைக்காரர். ஓட்டு வீட்டுக்கு வந்தவுடன் தலைக்கட்டுக்காரர். மகள் இதைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை வீட்டில் பலகாலம் நின்றது: “அப்பாவுக்கு ஊர் திரும்பக் கெடச்சிச்சு, எனக்கு ரூம் போயிடுச்சு.” தலைக்கட்டு ஆண்வழியில் எண்ணப்படுவது. ஊர் திரும்பியதன் லாபம் ஆண்களுக்கு முதலில் வந்து, நெருக்கடியின் சுமை பெண்களுக்கு முதலில் வந்ததை அவள் சரியாகவே பார்த்தாள்.

அந்தச் சுமை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தெரிந்த இடம் பின்முற்றம். பழைய வீட்டில் குளிக்கும் இடம் என்பது மூன்று பக்கம் ஓலைத்தட்டி, மேலே திறந்த வானம். பக்கத்து வீட்டு மாடிப்படியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆயாவுக்கும் தாய்க்கும் சேலையோடு குளித்துப் பழக்கம். மகள் முதல் வாரம் முழுவதும் விடியும் முன்பே குளித்துவிட்டாள். கழிப்பறை தூய்மை பாரதம் திட்டத்தின் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டப்பட்டது. ஆனால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் மணற்பாங்கில் குழி சீக்கிரம் நிறைந்து, மழைக்காலத்தில் பயன்படாமல் போகும். வேலை போன தந்தையிடம் அப்போது இருந்த பணம் மீஞ்சூர் முன்பணத்தில் மிச்சமானதுதான். ஓட்டைச் செப்பனிட அதை வைத்திருந்தார். தாய் பிடிவாதமாக நின்று அதைக் குளியலறைக்குத் திருப்பினார். செங்கல் சுவர், தகரக் கூரை, உள்தாழ்ப்பாள், ஒரு பல்பு. குழியும் ஆழப்படுத்தி உறை இறக்கப்பட்டது. கூரை அந்த ஆண்டு தார்ப்பாயோடு நின்றது. வளர்ந்த பெண்பிள்ளைகளோடு பழைய வீட்டுக்குப் போகிற எந்தக் குடும்பமும் பணத்தை இந்த வரிசையில்தான் செலவிடவேண்டும். ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்கு மாற்று எதுவும் கிடையாது.

மகனின் நிலை எளிதாக இருந்தது. குப்பத்தில் பதினான்கு வயதுப் பையனுக்கு வீடு என்பது சாப்பிடும் இடம். இரவு திண்ணையில் படுக்கலாம், கோயில் மண்டபத்தில் படுக்கலாம், வெயில் காலத்தில் கரையில் இழுத்து நிறுத்திய படகுக்குள் படுக்கலாம். முதல் மாதம் அவன் மீஞ்சூர் நண்பர்களுக்குப் போன் போட்டுக் குறைபட்டான். அதற்குப் பிறகு சித்தப்பா பையன்களோடு நண்டு வலைக்குப் போக ஆரம்பித்து, போனையே மறந்தான். அந்த மறதிதான் தாய்க்குக் கவலை. வலைக்குப் போகிற பையன் கையில் காசு பார்க்கிறான். காசு பார்த்தவன் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்குத் திரும்புவது கடினம். ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் படிப்பை விட்ட பையன்களில் பலர் இப்படித்தான் விட்டார்கள். சித்தப்பாவிடம் தாய் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்: சனி, ஞாயிறு மட்டும் கூட்டிப் போகலாம், அவன் பங்கைத் தன்னிடம் கொடுக்கவேண்டும். சித்தப்பா வாக்குத் தவறவில்லை.

படிப்புக்கு வீட்டில் இருந்தது ஒரு செல்போனும் ஒரு தொலைக்காட்சியும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஊரடங்கில் அதுவே பள்ளிக்கூடம். இரண்டு பிள்ளைகளுக்கும் பாட நேரம் மோதாதவரை சரி. மகளின் பள்ளி போனில் வாட்ஸ்அப் வழியாகப் பாடம் அனுப்பியது. ஓட்டு வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்பதால் கரைக்குப் போய்க் காத்திருந்து பதிவிறக்கிக்கொண்டு வருவாள். அங்கே மீன் ஏலம் நடக்கிற நேரம் கூட்டம். ஏலம் முடிந்த பிறகு போவாள். 2021 பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகள் திறந்தபோது இருவரும் ஒரே நாளில் பள்ளிக்குப் போனார்கள். மகளின் பழைய பள்ளி மீஞ்சூரில். பேருந்து மாறிப் போகவேண்டும். மகனைப் பழவேற்காட்டுப் பள்ளியிலேயே சேர்த்தார்கள். மார்ச்சில் அந்த வகுப்புகள் மறுபடி மூடப்பட்டன.

பழைய வீட்டின் சுவர்கள் தனிக் கதை. ஏரிக்கரையில் சுவரில் உப்பு ஏறும். தரையிலிருந்து ஈரம் உப்பைச் சுமந்து செங்கல் வழியாக மேலே வந்து, காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அது படிகமாகிப் பூச்சைத் தள்ளும். ஆயாவின் கணவர் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரை பூசியது. ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் வேகவைத்து நீற்றிய சுண்ணாம்பு அது. சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஈரம் வந்து வெளியே போகும். சுவர் மெல்ல உதிரும், ஆனால் செங்கல் பிழைக்கும். மீஞ்சூருக்குப் போவதற்கு முன் தந்தை ஒரு பக்கச் சுவருக்குச் சிமென்ட் பூசியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பக்கம்தான் மோசமாக இருந்தது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு உள்ளேயே தங்கிச் செங்கலையே மாவாக்கியிருந்தது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் காரை மேடைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களுக்குச் சிமென்ட் தெரியாது. சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. இளைய கொத்தனார்களுக்கு அந்த வேலை கைவராது.

வீட்டைப் பெரிதாக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். அதில் பணத் தடையோடு சட்டத் தடையும் உண்டு. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் கடலோர ஒழுங்குமுறை விதிகள். இருக்கிற வீட்டை இருக்கிற அளவில் பழுதுபார்ப்பதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் அந்த விதிகளில் வேறுபாடு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழும் குடும்பம் ஒரு அறை கூட்டிக் கட்டத் தயங்கும் அதே கடற்கரையில், சற்றுத் தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுக விரிவாக்கத்துக்கான திட்டம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஏரிக் குப்பங்கள் அதை எதிர்த்துத் தெருவில் நின்றன. தந்தை அந்தக் கூட்டங்களுக்குப் போனார். அதே துறைமுகப் பகுதியில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு அதில் சங்கடம் இருந்தது; ஆனாலும் போனார். கரை அரித்தால், முகத்துவாரம் அடைந்தால், திரும்பிவர ஓட்டு வீடும் இருக்காது, கட்ட வலையும் இருக்காது என்பது அவருடைய பேச்சு.

கூட்டுக் குடும்பத்தை விட்டுப் போன மருமகள் மாமியாரின் அடுப்படிக்குத் திரும்புவதும் லேசான காரியமில்லை. மீஞ்சூரில் தாய் கேஸ் அடுப்பில் தன் நேரத்துக்குச் சமைத்தவர். ஆயா விறகடுப்பை விடமாட்டார். மடவைக் குழம்பு மண்சட்டியில்தான் வைக்கவேண்டும் என்பார். கொஞ்ச நாள் இரண்டு அடுப்பும் எரிந்தன. பிறகு காலைச் சமையல் கேஸில் தாயுடையது, இரவுக் குழம்பு விறகில் ஆயாவுடையது என்றானது. இதையும் முறை வைத்தே தீர்த்துக்கொண்டார்கள். மகள் ஆயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழங்கான் மீனில் முள் எடுக்கப் பழகியது அந்த ஆண்டுதான். அறை போனதற்கு அது ஈடல்ல. ஆனால் மாடி வீட்டில் இருந்திருந்தால் ஆயாவின் கடைசி ஆண்டுகள் அவளுக்குக் கிடைத்திருக்காது. விடுமுறைக்கு வந்துபோகிற பேத்தியாகவே இருந்திருப்பாள்.

2022இல் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொன்னேரி அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். அதற்கு முன்பே தந்தைக்கு ஒப்பந்த வேலை மறுபடி கிடைத்திருந்தது. மீஞ்சூருக்குத் திரும்புவது பற்றி வீட்டில் பேசினார்கள். இம்முறை பிள்ளைகளையும் கேட்டார்கள். மகள் போகலாம் என்றாள், மகன் வேண்டாம் என்றான். ஆயாவைத் தனியே விடமுடியாது என்பதால் மகன் பக்கம் முடிவானது. அதற்கு ஈடாக அடுப்படியை முற்றத்துப் பக்கம் தள்ளி, கூடத்தின் ஒரு மூலையைப் பலகைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். ஒரு பாய், ஒரு மேசை, ஓலைப்பெட்டி, ஒரு சன்னல் அளவுக்கு இடம். தடுப்புக்குக் கதவும் வைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஓட்டில் பாதி பறந்தது. சுண்ணாம்புச் சுவர் நின்றது. நாட்டு ஓடு செய்கிறவர்கள் கிடைக்காததால் கிழக்குப் பக்கம் சீமை ஓடு போட்டார்கள். வாடகைக்குப் போயிருக்கவேண்டிய பணம் கூரைக்கும், அடுத்த ஆண்டு மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கும் போனது.